மெல்வுட்டின் ஒற்றைக் கம்பி

1

நான் குடியிருக்கும் ஊருக்குப் போன வாரம் இருபத்தைந்து வயது நிறைந்தது. கனடா தேசத்தில் சஸ்காச்சுவன் மாகாணத்தில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மேடு பள்ளம் இல்லாத புல்வெளியின் நடுவில் இருக்கிற மெல்வுட் என்ற சிற்றூர் இது. நம் பக்கத்தில் ஓர் ஊரின் வயதைக் கேட்டால் கோயில் கல்வெட்டைக் காட்டுவார்கள். இங்கே ஊரை உண்டாக்கினவரே உயிரோடிருக்கிறார். கிழவர் தோர்ன் என்று பெயர். தபாலாபீசில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டு, காது கேட்காத காரணத்தால் எல்லாரிடமும் உரக்கப் பேசுவார். அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது இங்கே ஒரு கூரைகூட இல்லையாம். புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி, செங்கல்போல அடுக்கி, முதல் குளிர்காலத்தை அந்த மண்வீட்டுக்குள் கழித்திருக்கிறார். பிறகுதான் ரெயில் பாதை வந்தது. ரெயில் கம்பெனிக்காரர்கள் ஸ்டேஷன்களுக்கு அகரவரிசையில் பெயர் சூட்டிக்கொண்டே வந்தார்கள். இவ்விடத்துக்கு வந்தபோது 'எம்' எழுத்தின் முறை. அப்படித்தான் மெல்வுட். பெயரில் 'காடு' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஊரில் உள்ள மரங்களை ஒரு பையன் ஓடிக்கொண்டே எண்ணி முடித்துவிடலாம்.

ஊருக்குத்தான் இருபத்தைந்து வயது, மண்ணுக்கல்ல. உழும்போது காட்டெருமை எலும்புகள் இன்றும் ஏரில் தட்டுப்படுகின்றன. ஊருக்கு வடக்கே கற்கள் வட்டவட்டமாகக் கிடக்கின்றன. பழங்குடி மக்கள் தங்கள் தோல்கூடாரங்களைக் காற்று தூக்காதபடி அந்தக் கற்களை வைத்துத்தான் நிறுத்தினார்களாம். அவர்களைத் தூரத்தில் ஓர் எல்லைக்குள் ஒதுக்கிவிட்டுத்தான் இந்த நிலம் அளக்கப்பட்டது. போன வாரம் நடந்த ஊர் விழாவில் அதை யாரும் பேசவில்லை. நானாவது எழுதிவைக்கிறேன்.

அந்த மக்களையும் இங்கே 'இந்தியர்' என்றுதான் சொல்லுகிறார்கள். அதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. வருஷந்தோறும் நான் இங்கே தங்க அனுமதி புதுப்பிக்க வேண்டும். முதல் வருஷம் குமாஸ்தா என்னை ஏறிட்டுப் பார்த்து, "இந்தியப் பெண்ணா? இது உங்கள் ஆபீஸ் இல்லை" என்று பழங்குடி மக்களுக்கான வேறு ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே போனால், "உன் கூட்டத்தின் பெயர் என்ன, தலைவர் யார்?" என்று கேட்டார்கள். தென் திருவிதாங்கூர் என்றேன். சுவரில் இருந்த தேசப்படத்தில் பொறுமையாகத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

2

நம் சபைப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். நான் கருங்கல் பக்கத்தில் பிறந்த சாராள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். அங்கே நெடுங்காலம் வைத்தியம் பார்த்த டாக்டரையா, மனைவியின் உடல்நலம் கெட்டபோது தம் சொந்த நாடான இந்தக் கனடாவுக்குத் திரும்பினார். நோயாளியான டாக்டரம்மாவையும் நாலு வயது மகள் ரூத்தையும் பார்த்துக்கொள்ள நானும் கப்பலேறினேன். ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. இரண்டாம் குளிர்காலத்தில் அம்மா காலமானார்கள். பிள்ளை என் சேலைத் தலைப்பை விடவில்லை. நான் தங்கிவிட்டேன்.

ரூத் நம் மண்ணில் பிறந்தவள். அவள் வாயில் முதலில் வந்த பாஷை நம் பாஷை. இங்கே வந்த புதிதில், வளைக்குள்ளிருந்து எழுந்து கைகட்டி நிற்கும் கோஃபர் என்ற புல்வெளி எலியைப் பார்த்து, "எக்கா, அந்தா பாரு, அணிலு எழும்பி நிக்குது! அதுக்க முதுகுல கோட்டைக் காணல்லியே!" என்று கத்துவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பொன்முடியும் நீலக்கண்ணுமாய் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இப்படிப் பேசினால் யார்தான் நிற்கமாட்டார்கள்?

பள்ளிக்கூடத்துக்குப் போனபின் அது போயிற்று. ஒரு நாள் தாகத்துக்கு வாத்தியாரம்மாவிடம் வாய்தவறி "வெள்ளம்" என்று கேட்டுவிட்டாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "என்னோடு இனிமேல் இங்கிலீஷில் பேசு" என்று இங்கிலீஷில் சொன்னாள். நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். வருஷங்கள் போகப்போக, என் தமிழுக்கு அவள் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு, "என்ன சொன்னாய்?" என்று கேட்கத் தொடங்கினாள். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பெற்ற பிள்ளை அல்ல, பாஷையும் அவளுடைய தகப்பன் பாஷை அல்ல. உரிமை கேட்க எனக்கு என்ன இருக்கிறது என்று அடுப்படியில் நின்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளுவேன்.

வீட்டில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள் டாக்டரையாதான். அவருடையது கலப்பில்லாத கருங்கல் சந்தைத் தமிழ்.

3

இந்த ஊர் நல்ல நிலையில் இருந்தபோதும் பார்த்தேன், கெட்டுப்போனபோதும் பார்த்தேன். வந்த வருஷம் ஆவணியில் கோதுமை விளைந்து நின்றதை இன்றும் மறக்கவில்லை. அறுப்புக்கு நிற்கிற தோவாளை வயலை எடுத்து, வரப்புகளை அழித்து, வானம்வரை இழுத்து விரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சாயங்காலக் காற்றில் அது அலையடிக்கும்போது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிற்பதாகவே தோன்றும். இங்கே பனி உருகும் முன்பே அதைத் துளைத்துக்கொண்டு ஊதாநிறப் பூ ஒன்று வரும். அதன் தண்டில் மயிர் அடர்ந்திருக்கும், குளிருக்குக் கம்பளி போர்த்தினதுபோல. அதை முதலில் பார்த்தவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பிறகு மழை நின்றது. ஒரு வருஷமல்ல, வருஷத்துக்குப்பின் வருஷம். வெட்டுக்கிளி வந்து மிச்சத்தைத் தின்றது. துணி காயப்போட்டால் துணியையும் தின்றது. காற்று மேல்மண்ணைத் தூக்கி வேலிகளின்மேல் குவித்தது. பெட்ரோல் வாங்க வகையில்லாமல், மோட்டார் வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்தது. குளிர்காலத்தில் குளத்து நீர் உறைந்ததும் ஊர் முழுவதும் அதன்மேல் சறுக்கி விளையாடியது. கிழிந்த உடுப்போடு சிரித்து விளையாட இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று நான் கரையில் நின்று பார்ப்பேன்.

கிழக்கு மாகாணங்களிலிருந்து உதவியாக ஒரு ரெயில் வண்டி வந்தது. ஆப்பிள், உருளைக்கிழங்கு, அதோடு மூட்டை மூட்டையாகப் பலகைபோல விறைத்த ஏதோ ஒன்று. டாக்டரையா ஸ்டேஷனிலிருந்து தொப்பியில்லாமல் ஓடிவந்தார்.

"சாராளே, சமாச்சாரம் கேட்டியா? ரெயிலுல கருவாடு வந்திருக்கு!"

கடலையே காணாத ஜனங்கள் அதை என்ன செய்வார்கள்? கூரையில் ஓட்டை அடைக்க ஆணியடித்துப் பார்த்தவர்களும் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் ஊறவைத்து, மிளகு போட்டுக் குழம்பு வைத்து, தேங்காய் இல்லையே என்று புலம்பிக்கொண்டே சட்டியை வழித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள். ரூத் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

4

இனி டெலிபோன் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்வுட்டைப் பற்றி ஒன்றே ஒன்று எழுதலாம் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

இங்கே வீட்டுக்கு ஒரு கம்பி கிடையாது. ஒரு சாலையில் உள்ள பண்ணைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி. சில இடங்களில் வேலியின் முள்கம்பியே டெலிபோன் கம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணியோசை. இரண்டு நீளம் ஒரு குறில் அடித்தால் இந்த வீடு, மூன்று குறில் அடித்தால் அந்த வீடு. யாருக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் கேட்கும். எல்லாரும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பேசப் பத்துப்பேர் கேட்பார்கள், நடுவில் இருமுவார்கள், சில சமயம் அபிப்பிராயமும் சொல்லுவார்கள். ஊருக்குள் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து கம்பிகளை இணைத்துக் கொடுப்பவள் எடித் என்ற நடுவயதுப் பெண். அவளுக்குத் தெரியாமல் மெல்வுட்டில் ஒரு கோழி முட்டையிடாது.

எனக்கு இது முதலில் சகிக்கவில்லை. "இது என்ன நாகரிகம், டாக்டரையா? அடுத்தவனுக்க பேச்சை ஒளிஞ்சிருந்து கேக்கதா?" என்றேன்.

அவர் சிரித்தார். "கருங்கல் சந்தையில கேக்காததா சாராளே? இஞ்ச சந்தை இல்லை. பக்கத்து வீடு ஒரு மைலு தூரம். குளிருல ஆறு மாசம் மனுஷன் சத்தம் வேண்டாமா?"

பிறகு, மழை பொய்த்த வருஷங்களில் ஒன்றில், வைகாசி மாதம் அது நடந்தது.

டாக்டரையாவுக்குத் தூசி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் கண்டிருந்தது. தொண்டை கட்டி, பேச்சு காற்றாகத்தான் வந்தது. ஒரு நாள் மதியம், ஊருக்கு மேற்கே பண்ணை வைத்திருந்த பெட்ரோ என்ற உக்ரேனியர் டெலிபோனில் கூப்பிட்டார். அவர் மனைவி ஒலேனாவுக்குப் பிரசவ வலி, தலைச்சன் பிள்ளை. டாக்டரையா எழுந்திருக்கப் பார்த்து, இருமி, மறுபடி சாய்ந்தார். "நீ போ" என்று கையைக் காட்டினார். அவரைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நான் குதிரையைப் பூட்டிக்கொண்டு தனியே புறப்பட்டேன்.

பாதித் தூரத்தில் மேற்கே வானம் எழுந்து நடந்து வந்தது. வேறெப்படிச் சொல்லுவேன்? மணவாளக்குறிச்சி மணலைப்போலக் கறுத்த தூசிச் சுவர், தரையிலிருந்து ஆகாயம்வரை. பறவைகள் அதற்கு முன்னால் பறந்தோடி வந்தன. அது என்மேல் விழுந்ததும் பட்டப்பகல் இருண்டது. குதிரையின் காது எனக்குத் தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று இறங்கிக் கம்பியைத் தொட்டேன். புழுதி உராய்ந்து அதில் மின்சாரம் ஏறியிருந்தது. கை தெறித்தது. சேலையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கர்த்தாவே, இந்தப் பொட்டலிலேயா என்னைப் புதைக்கப்போகிறாய் என்று நின்றேன்.

அப்போது இரும்பில் இரும்பு மோதும் ஓசை கேட்டது. டங், டங் என்று நிறுத்தாமல். குதிரையைப் பிடித்துக்கொண்டு அந்தத் திசையில் நடந்தேன். ஒரு பண்ணை வாசலில், முகத்தில் துணி சுற்றின ஒரு பெண் ஏர்க்கொழுவைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் என் தோளைப் பிடித்து, "அங்கே கேள்!" என்று கத்தினாள். காதைக் கொடுத்தேன். தூரத்தில் இன்னொரு இரும்பு ஒலித்தது. அதை நோக்கி நடந்தேன். அங்கிருந்து அடுத்தது. எடித் தன் ஜன்னலில் அந்தக் கறுப்பைக் கண்டவுடன், எல்லா வீட்டுக்கும் சேர்த்து அடிக்கிற நீண்ட மணியை அடித்து, "நர்ஸ் சாரா சாலையில் இருக்கிறாள், இரும்பை அடியுங்கள்" என்று சொல்லியிருக்கிறாள். பெட்ரோ என்னை வீட்டுக்குள் இழுத்துக் கதவைத் தாழ்ப்பாளிடும்போது நான் இரும்போசையால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றிக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

ஒலேனாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை தலைகீழாக இல்லை. காலும் இடுப்பும் முன்னால் வந்தன. அப்படிப்பட்ட பிரசவங்களை ஆஸ்பத்திரியில் கண்டிருக்கிறேன். கையால் எடுத்ததெல்லாம் டாக்டரையா. நான் பக்கத்தில் விளக்குப் பிடித்தவள்.

டெலிபோன் அடுக்களைச் சுவரில் இருந்தது. கட்டிலை அங்கே இழுத்துச் சுவரோடு போட்டோம். பெட்ரோ ரிசீவரை என் காதில் பிடித்துக்கொண்டு நின்றார், என் கைகள் வேலைக்கு வேண்டுமே. எடித் எங்கள் வீட்டுக்கு இணைத்தாள். ரூத் எடுத்தாள். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. புயலின் மின்சாரம் கம்பியில் இரைந்தது. அதோடு, எத்தனை பேர் ரிசீவரை எடுக்கிறார்களோ அத்தனைக்கும் சத்தம் பங்காகிக் குறையும். சாலை முழுவதும் எடுத்து வைத்திருந்தது.

எடித் சொன்னாள். "எல்லாரும் கேளுங்கள். நர்சுக்கு டாக்டர் சொல்வது கேட்க வேண்டும். தயவுசெய்து வைத்துவிடுங்கள்."

பிறகு, டக். டக். டக். ஒவ்வொரு வீடாக வைத்தார்கள். என்ன ஆகுமோ என்று துடித்துக்கொண்டிருந்தவர்கள், எனக்காக இரும்படித்துக் கை கன்றினவர்கள், தாங்கள் கேட்காமல் இருந்தால்தான் ஒலேனா பிழைப்பாள் என்று வைத்தார்கள்.

"மிஸ்டர் தோர்ன், நீங்களும்தான்" என்றாள் எடித்.

டக்.

குரல் தெளிந்தது, முழுவதும் அல்ல. டாக்டரையா மெல்லச் சொல்லச்சொல்ல ரூத் இங்கிலீஷில் எனக்குக் கத்தினாள். இரைச்சலில் ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லாகக் கேட்டது. 'லெஃப்ட்' என்கிறாளா, 'லிஃப்ட்' என்கிறாளா? இடப்பக்கமா, தூக்கவா? தவறாகப் பிடித்தால் பிள்ளையின் கழுத்து போய்விடும். ஒலேனா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தன் பாஷையில் கெஞ்சினாள்.

"மக்கா, எனக்குக் கேக்கல்ல" என்று கத்தினேன். "தமிழில சொல்லு மக்கா!"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் மறந்துவிட்டிருந்தால்? அவளைச் சுற்றி அண்டை வீட்டுப் பெண்கள் நிற்கிறார்களே, வாய்திறக்க வெட்கப்பட்டால்?

"எக்கா," என்றது குரல். நாலு வயதுக் குரலல்ல, பெரிய பிள்ளையின் குரல். ஆனால் ராகம் அதே ராகம். "எக்கா, அப்பா சொல்லுகாரு, இழுக்காண்டாம். தொடவே செய்யாண்டாம். பிள்ளை அதுக்க பாரத்துல தொங்கட்டு. சூடு துணி வச்சு மூடு."

"செஞ்சாச்சு மக்கா."

"கை ரெண்டும் வெளிய வந்தா?"

"வந்தாச்சு."

"பொறு. அப்பா இருமுகாரு…" என் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. "எக்கா, பிடதியில மயிரு தெரியுதான்னு கேக்காரு."

தெரிந்தது. பின்கழுத்தில், நனைந்த பொன்னிறத்தில் ஒரு கோடு.

"தெரியுது!"

"அப்போ ரெண்டு காலையும் சேத்துப் பிடிச்சு மேல தூக்கு. அம்மைக்க வயித்தைப் பாத்து. பய்ய. பய்ய எக்கா. பய்ய."

தூக்கினேன். வாய் வந்தது, மூக்கு வந்தது, தலை வந்தது. பிள்ளை நீலமாக இருந்தது. வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். முனகிற்று. பிறகு அழுதது. அந்த அழுகை சுவரிலிருந்த டெலிபோன் வழியாக எங்கள் வீடுவரை போயிருக்க வேண்டும். மறுமுனையில் பெண்கள் சேர்ந்து அழுவது கேட்டது. பெட்ரோ ரிசீவரை விட்டுவிட்டு மண்டியிட்டார். தொங்கின ரிசீவரிலிருந்து ரூத் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டி எடுத்துக் காதில் வைத்தேன்.

"பெண்ணு," என்றேன். "ரெண்டு பேரும் சுகம்."

அதை அவள் அறையில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எக்கா, உனக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றாள்.

ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எடித் அந்த நீண்ட மணியை அடித்துச் செய்தி சொன்னாள். ஒரு வாரம் கழித்து என்னைத் தெருவில் நிறுத்தி, "அன்று கம்பியில் உங்களோடு நான் ஒருத்திதான் இருந்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பாடுவதுபோலிருந்தது. யாராவது எனக்கு அப்படி ஒரு பிரசவம் பார்க்கமாட்டார்களா என்றிருந்தது" என்றாள். அவளுக்குக் கலியாணமே ஆகவில்லை.

5

மறுநாளிலிருந்து ரூத் தலைகீழாக மாறிவிட்டாள் என்று எழுத ஆசைதான். இல்லை. பழையபடி இங்கிலீஷில்தான் பேசுகிறாள். நானும் வற்புறுத்துவதில்லை. உடம்புக்கு முடியாதபோதும், கோபம் மிஞ்சும்போதும், எப்போதாவது சும்மாவும் "எக்கா" என்று தொடங்குவாள். "என்ன சொன்னாய்?" என்று மட்டும் இப்போது கேட்பதில்லை.

விழா நாளில் நான்கு பேர் கொண்ட பாண்டு வாத்தியம் வாசித்தது. முதல் ஏரை வண்டியில் வைத்து ஊர்வலம் போனார்கள். ஒலேனாவின் மகள் அந்த வண்டியில் உட்கார்ந்து எல்லாருக்கும் கையசைத்தாள். கூட்டம் முன்பைவிடச் சிறுத்திருந்தது. பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டி வடக்கே போய்விட்டன. கிழவர் தோர்ன் பேச எழுந்து, இன்னும் இருபத்தைந்து வருஷம் என்றார். மேலே சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள்.

முந்தாநாள் மாலை டெலிபோன் நீளமாக அடித்தது. யாருக்கு என்ன ஆபத்தோ என்று ஓடி எடுத்தேன். ரூத் வந்து என் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு ரிசீவரில் காதை வைத்தாள்.

"பேசாதீர்கள்," என்றாள் எடித். "மேற்குக் கடைசிப் பண்ணை. கேளுங்கள்."

பெட்ரோவின் வீடு. அவர் ரிசீவரைக் கம்பி எட்டின மட்டும் இழுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கிறார். தகரக்கூரையில் ஏதோ விழும் ஓசை. முதலில் ஒன்று, இரண்டு. பிறகு எண்ணமுடியாதபடி.

நம் நாட்டில் ஆனியிலும் ஐப்பசியிலும் அந்த ஓசைக்குத்தான் நாம் கதவைச் சாத்திக்கொள்ளுவோம். இங்கே ஒரு சாலை முழுவதும் மூச்சடக்கிக் கேட்டது. எல்லாரும் எடுத்திருந்ததால் சத்தம் மெலிந்துதான் வந்தது. ஒருவரும் வைக்கவில்லை. எடித்தும் வைக்கச் சொல்லவில்லை. அடுத்த பண்ணையில் யாரோ, "எங்கள் கூரையிலும்" என்றார். பிறகு அதற்கடுத்த பண்ணை. அது வீடுவீடாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ரூத் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"வா எக்கா," என்றாள். "மழை."